தண்ணீரில் தேறிய பம்ப்

பத்ரோஸ் கடைசியாகச் சாத்துண்ணியை உயிரோடு பார்த்தபோது, அவர் ஏணியின் ஏழாவது படியில் நின்றார். தோளில் எண்ணெய் டின். கீழே புது பம்பின் மேல் திறப்புவிழா மாலை காய்ந்து தொங்கியது.

அந்தப் பம்பை வாங்கியதே சாத்துண்ணி ஏணி ஏறாமல் இருப்பதற்குத்தான். கூட்டுறவுத் தேங்காய் எண்ணெய் ஆலையின் மேல்தொட்டிக்கு இருபது வருஷம் எண்ணெய் சுமந்தவர். முழங்கால் போய்விட்டது என்று ஐந்து விண்ணப்பம் கொடுத்தார். ஐந்தாவதற்கு இரங்கி, செயலாளர் குறுப்பு சார் தலைமையில் பம்புத் தேர்வுக் குழு அமைந்தருளியது.

வந்தவை இரண்டு. ஒன்று பல்சக்கரம் வைத்தது. கெட்டி எண்ணெயையும் தள்ளும். மற்றது வயலுக்கு இறைப்பது.

"எண்ணெய் ஊத்திப் பாக்கலாம் சாரே," என்றான் ஆலையின் எண்ணெய்ப் பொறுப்பிலிருந்த பத்ரோஸ்.

"எண்ணெய் கையிருப்புச் சரக்குடா. சோதனைக்குத் தொடணும்னா மேலிடத்து அனுமதி வேணும். தண்ணிய ஊத்து."

"தண்ணி ஊத்தினா பல்சக்கரம் தேஞ்சிடும் சாரே. எண்ணெயோட வழவழப்புலதான் அது சுத்தும்."

"தண்ணியவே தாங்காதது எண்ணெய எப்படிடா தாங்கும்?"

இந்தத் தர்க்கத்துக்கு முன் குழு தலைவணங்கியது. பல்சக்கர பம்ப் அரை மணி கரகரத்துவிட்டு நின்றது. வயல் பம்ப் கூரைவரை பீய்ச்சியது. எல்லோரும் நனைந்தபடி கைதட்டினார்கள். பத்ரோஸும் தட்டினான். 'முழுத் திருப்தி' என்ற தாளில் சாட்சிக் கையெழுத்தும் போட்டான்.

தனு மாத மார்கழிக் குளிரில் எண்ணெய் வெண்ணெய்போல் உறைந்தது. பம்ப் உறுமியது; ஒரு சொட்டு ஏறவில்லை.

"பம்ப் தேறினது. ரெக்கார்டு இருக்கு," என்றார் குறுப்பு சார். "எண்ணெய்தான் ஒழுங்கா இல்ல." உறைந்ததற்கு விளக்கம் கேட்டு, எண்ணெயின் பொறுப்பாளன் பத்ரோஸுக்கு மெமோ வந்தது. சூடாக்கும் வசதி மேல்தொட்டியில்தான். உறைந்ததை டின்னில் அள்ளி, சாத்துண்ணி மறுபடி ஏணியைப் பிடித்தார்.

"என்ன சேட்டா, பம்ப் வந்தும் நீங்களா?"

"பம்புக்குக் குளிருதாம்டா. எனக்குக் குளிராதுன்னு குழு தீர்மானம் போட்டிருக்கு."

பத்ரோஸ் சிரித்துக்கொண்டே அடுத்த டின்னை எடுக்கத் திரும்பினான். சத்தம் பின்னால் கேட்டது.

விசாரணை நடந்தது. ஏணி உரிய சோதனையின்றி வாங்கப்பட்டதே காரணம் என்று முடிவாயிற்று.

"சாட்சி நீயே போடுடா. உனக்குப் பழக்கம் இருக்கு," என்றார் குறுப்பு சார்.

பத்ரோஸ் போட்டான்.

பம்ப் இப்போது குறுப்பு சாரின் கமுகுத் தோட்டத்துக்கு நன்றாகவே இறைக்கிறது. அதே ஏணிதான் ஆலையில் இருக்கிறது. பத்ரோஸ் டின்னோடு ஏறுகிறான். ஏழாவது படியில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை.