எடைமேடை அண்ணனும் எங்கள் புதுக் கடையும்

காரைக்காலில் ஒரு புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அது தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். விமர்சகர்கள்கூட முதல் பத்துப் பக்கத்தையாவது புரட்டிவிட்டுத்தான் திட்டுவார்கள். எடைமேடை அண்ணனுக்கு அந்தச் சிரமம் கிடையாது. புத்தகத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டுவார். முடிந்தது விசாரணை.

கீழவாஞ்சூர் போகிற சாலையில், லாரிகளை எடை போடும் மேடை ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர். சொந்தப் பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் இருக்கலாம். என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்ததால் நான் தனியாக நடத்திக்கொண்டிருந்த எங்கள் புத்தகக் கடைக்குத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்துவிடுவார். வாசலோரம் கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, யார் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் "இங்க குடுங்க" என்று வாங்கி ஆட்டிப் பார்ப்பார்.

"இருநூத்தி எம்பது கிராம். வெல என்ன போட்டுருக்கான்?"

"முந்நூறுங்க."

"கிராமுக்கு ஒரு ரூவாய்க்கு மேலயா? வஞ்சிரமே இதவிட சல்லிசு. வச்சுட்டு வாங்க."

வந்தவர் வைத்துவிட்டு மீன் வாங்கப் போய்விடுவார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், அவர் "நானூத்திப் பத்து" என்று சொன்ன நாவலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மிட்டாய்க் கடைக்கு ஓடினேன். தராசு நானூற்று அறுபது காட்டியது. "பாத்தீங்களாண்ணே!" என்று குதித்தேன். அவர் அசையவில்லை. "தராசு தப்பு" என்றார். மிட்டாய்க் கடைக்காரரின் முகம் அவர் விற்கிற ஜாங்கிரியின் நிறத்துக்குப் போனதைத் தெருவே பார்த்தது. அன்றோடு எங்களுக்கு ஓசி மிக்சர் வருவது நின்றது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அங்கே பெரிய பெரிய கடைகளுக்கு உள் அலங்கார வேலை செய்தவர். நம் கடையைப் பார்த்தார். கரையான் தின்ற அலமாரி, நாற்பது வாட் குண்டு பல்பு, எதை எடுத்தாலும் இன்னொன்று தலையில் விழுகிற அடுக்கு. "இது கடையில்ல, கொடோன்" என்றார். நாற்பது நாள் கடையை மூடித் தார்ப்பாய் கட்டி வேலை நடந்தது. எடைமேடை அண்ணன் ஒருநாள்கூட வரத் தவறவில்லை. தார்ப்பாய்க்கு வெளியே நின்று, உள்ளே இருந்த தச்சருக்கு, என்ன நடக்கிறது என்றே தெரியாமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

திறந்த அன்று காலையில் எங்கள் கடையைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, முகம் தெரிகிற டைல்ஸ், புத்தகம் இருக்கும் இடத்தைச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர். ஜனங்களுக்கு அதைவிடக் கூச்சம். வந்தவர்கள் எல்லோரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டார்கள். பதினோரு மணிக்குள் வாசலில் ஐம்பது ஜோடி சேர்ந்துவிட்டது. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "யாருங்க தவறிட்டாங்க?" என்று விசாரித்தார்.

மண்டபத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா கையில் உறையோடு நேராக என்னிடம் வந்து, "வயித்து ஸ்கேனு. வெறும் வயித்தோடதான் வந்துருக்கேன். டாக்டர் வந்துட்டாரா?" என்றார். எங்களிடம் வழக்கமாகச் சமையல் புத்தகம் வாங்குகிற, நாங்கள் லாத்தா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அக்கா ஒருவர் உள்ளே வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், ஏர்ப்போர்ட்டு கணக்கால்ல இருக்கு! பாஸ்போர்ட்ட வூட்டுல வச்சுட்டு வந்துட்டேனே தங்கச்சி" என்று சிரித்தார்.

நாலு மணிக்கு எடைமேடை அண்ணன் வந்தார். வழக்கமான வேகத்தில் வந்தார். கண்ணாடிக் கதவு மூடியிருந்தது.

சத்தம் கேட்டு ஓடினோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் அவர் நெற்றித் திருநீறு மூன்று கோடாக அப்படியே பதிந்திருந்தது. "இங்க கண்ணாடி இருக்குதுன்னு ஒரு போர்டு வைக்கத் தெரியாதா?" என்று கத்தினார். போர்டு இருந்தது. சிவப்பு எழுத்தில் 'இழு' என்று. ஆனால் அதற்குப் பிறகு யாரும் முட்டிக்கொள்ளவில்லை. மூன்று கோடுகளைப் பார்த்து எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். துடைக்கப் போன என் வீட்டுக்காரரை நான்தான் தடுத்தேன்.

வாடிக்கையாளர்கள் அபிப்பிராயம் எழுத மேஜையில் ஒரு நோட்டு வைத்திருந்தோம். ஜனங்கள் 'சூப்பர்', 'அருமை', 'கழிவறை எங்கே' என்று எழுதினார்கள். எடைமேடை அண்ணன் அந்த நோட்டை ஒரே வாரத்தில் தன்வசப்படுத்தினார். ஆனால் தன் கையால் எழுத மாட்டார். "கண்ணாடிய வீட்டுல விட்டுட்டேன் தங்கச்சி, நீங்களே எழுதுங்க" என்பார். ஆக, என் கடையைப் பற்றிய புகார்களை என் கையெழுத்திலேயே எழுதவேண்டிய பாக்கியம் எனக்கு வாய்த்தது.

"எழுதுங்க. குளுரு சாஸ்தி. மீன வைக்கலாம், மனுசன வைக்க முடியாது."

"எழுதிட்டேன்."

"பழைய கடையில தும்முனா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இங்க தும்முனா சொவரு திருப்பித் தும்முது."

"அப்பறம்?"

"வெளிச்சம் கண்ணு கூசுது. ஸ்டூல எங்க தூக்கிப் போட்டீங்க? முதலாளிக்கு ரசனை போறாது. கீழ என் பேரப் போடுங்க."

'எடைமேடை' என்று போட்டேன்.

சிலர் புத்தகம் வாங்குகிறார்களோ இல்லையோ, அந்த நோட்டைப் படிக்கவே வர ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷம் பாலைவனத்தில் இருந்துகொண்டு மனதுக்குள்ளேயே கட்டிவைத்திருந்த கடை அது.

வெடித்தது ஒரு வியாழக்கிழமை. ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வந்திருந்தார். கடை திறந்ததிலிருந்து வந்த முதல் பெரிய ஆர்டர். என் வீட்டுக்காரர் டீ வரவழைத்து, தடிதடியான கலைக்களஞ்சியங்களாகப் பார்த்து மேஜையில் அடுக்கினார். எடைமேடை அண்ணன் பின்னாலிருந்து கை நீட்டி ஒன்றை எடுத்தார். ஆட்டினார்.

"ரெண்டே கால் கிலோ. அவ்வளவும் வழுவழு காயிதம். இதப் படிக்கிற புள்ளைக்குத் தூக்கிப் பிடிக்க ரெண்டு புள்ள வேணும், டீச்சர்."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். அப்புறம், "யோசிச்சுட்டு வர்றேங்க" என்று எழுந்து போயும் விட்டார்.

"அண்ணே!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். "ஒரு புத்தகம் வாங்கியிருப்பீங்களா இத்தன வருஷத்துல? ஒண்ணத் தொறந்தாவது பாத்துருப்பீங்களா? போதும்ண்ணே. இனிமே இந்தப் பக்கமே வராதீங்க!"

எடைமேடை அண்ணன் நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பீரமாக ரெண்டு எட்டு வைத்தார். மூச்சு வாங்கியது போலிருக்கிறது. பக்கத்தில் கிடந்ததில் ஒரு கணம் உட்கார்ந்தார். அது நாங்கள் புதிதாக வாங்கிப் போட்டிருந்த பீன் பேக், கால் இல்லாத மூட்டை நாற்காலி.

உட்கார்ந்தார் என்று சொல்லக்கூடாது, உள்ளே போனார். முழங்கால் ரெண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. எழ முயன்றார். இன்னும் ஆழத்துக்குப் போனார். வெளியேற்றப்பட்ட மனிதர், வெளியேற முடியாமல் கிடந்தார். கை கொடுங்கள் என்று கேட்க அவருக்கு ரோஷம். கை கொடுக்க என் வீட்டுக்காரருக்குக் கோபம். நான் குறுக்கே போனால் இரண்டு பேரும் என் மேல் பாய்வார்கள் என்பதால் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால்மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வேறு வழியில்லாமல் கைக்கு எட்டிய அலமாரியிலிருந்து ஒரு நாவலை உருவினார். இந்தத் தடவை ஆட்டவில்லை. திறந்தார். அவர் தோளுக்கு மேலே கழுத்து வளைந்த படிப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

ஒரு பக்கம் திரும்பியது. அப்புறம் இன்னொன்று. உதடு லேசாக அசைந்தது. ஓரிடத்தில் "அடப்பாவி" என்றார். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தபோது என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. போய்க் கையை நீட்டினார். "எந்திரிங்கண்ணே."

"இருங்க தம்பி, இவ வூட்ட வுட்டுப் போறாளான்னு பாத்துட்டு வர்றேன்." தலையைத் தூக்காமலே சொன்னார். "இப்பல்லாம் அச்சு நல்லாப் போடுறானுவோ. நடுவுல எல்லாம் ஒரே மசமசன்னு இருந்துச்சு. அதான் படிக்கிறதையே வுட்டுட்டேன்."

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பழைய கடையிலிருந்து வந்த சரக்கு. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய அச்சு, பழுப்பேறிய தாள். என்னைப் பார்த்தார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்று அண்ணன் தினமும் சொன்னதை நானும் நினைத்துக்கொண்டேன். அவர் கண்ணாடி போட்டு ஒருநாளும் நாங்கள் பார்த்ததில்லை.

"அண்ணே," என்று பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார் என் வீட்டுக்காரர். "அச்சு இல்லண்ணே, இந்த வெளக்கு வெளிச்சம். கோளாறு கண்ணுல."

எடைமேடை அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டு, சன்னமான குரலில் சொன்னார். "கடைசி வருஷம் மேடையிலயே நம்பரு தெரியல தம்பி. டயரு அமுங்கறதப் பாத்துத்தான் சொன்னேன். வெளிய தெரிஞ்சா அனுப்பிருவாங்கன்னு பயம்."

"தப்பாச்சாண்ணே?"

"ஒரு தடவகூட இல்ல" என்றார், பழைய திமிரோடு.

மறுவாரம் என் வீட்டுக்காரரே அவரைப் பைக்கில் வைத்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். இரண்டு கண்ணிலும் புரை. "கண்ணுல போயி கத்தி வப்பானா?" என்று திரும்பி வருகிற வழியெல்லாம் அழுதாராம். தலைமையாசிரியையும் திரும்பி வந்து, குண்டுப் புத்தகங்களை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு எடைமேடை அண்ணன் தன் மகள் வீட்டில் தங்கியிருந்த மூன்று வாரமும் எங்களை யாரும் குறை சொல்லவில்லை. எல்லாம் 'சூப்பர்', 'அருமை'தான். நாலு மணியானால் என் வீட்டுக்காரர் காரணமில்லாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்டால், வெயில் எப்படி என்று பார்த்தாராம்.

ஒரு சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார் எடைமேடை அண்ணன். நடுக்கடையில் நின்று, நாலு சுவரையும் முதல்முறையாகப் பார்க்கிறவர் போல நிதானமாகப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, சொவத்துக்கு இப்படி ஒரு கலரா? பாக்க சகிக்கல."

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தார்.

"சொல்லுங்கண்ணே," என்றார், அபிப்பிராய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. "வேற என்னல்லாம் சரியில்ல?"