கம்ப்யூட்டர் காவலாளியை ஆஃப் செய்யலாமா?

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம், கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் நலமென்று நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் கேட்டால் அத்தை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ஒரு மருத்துவமனை நர்ஸ்களின் சீருடையில் நூலால் பெயர் தைத்துத்தரும் வேலை அத்தைக்குக் கிடைத்திருக்கிறது. முதல் பெரிய ஆர்டர். மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் எம்பிராய்டரி மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால், அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் பழசாம், பாதுகாப்பு கருதி உள்ளே விடமுடியாதாம். மாடி வீட்டு டிவி மெக்கானிக் வந்து பார்த்தார். "சார், கம்ப்யூட்டர் எந்திரிக்கும்போதே வாசல்ல ஒரு காவலாளி நின்னு யாரு எவருன்னு பாத்துத்தான் விடுறான். அவன ஆஃப் பண்ணிட்டா தீந்துச்சு" என்றார். நானோ ஆயுசு முழுக்க லிஃப்ட் பரிசோதகன், கதவு மூடாமலே லிஃப்ட் ஓட அதன் பாதுகாப்பு சுவிட்சில் தீப்பெட்டியைச் செருகி வைத்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியவன். அந்த நான், அத்தை நூல் வாங்கப் போன நேரம் பார்த்துக் காவலாளியை ஆஃப் செய்தேன் மாப்பிள்ளை. செய்ததுதான் தாமதம், திரை நீலமாகி, மீட்புச் சாவி எண்ணைக் கொடு என்றது. என் பிறந்த தேதியைப் போட்டேன், கல்யாணத் தேதியைப் போட்டேன், உங்கள் பிறந்த தேதியைக்கூடப் போட்டேன். அசையவில்லை. அத்தனை டிசைனும் உள்ளே! வியர்த்துக் கொட்டும்போது அத்தை வந்துவிட்டாள்.

"என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா..."

"லிஃப்டைக் கெடுத்தவன் எல்லாம் இதத்தான் சொல்வான்னு நீங்கதானே சொல்வீங்க?"

காவலாளியை மறுபடி ஆன் செய்தேன். ஒன்றுமே நடக்காததுபோலக் கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. மெஷின்தான் இன்னும் வெளியே நிற்கிறது.

நீங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்புத் துறையிலேயே இருப்பவர். ஆர்டருக்காக அவனை மறுபடி ஆஃப் செய்வதா, அத்தை எல்லாவற்றையும் கையால் தைப்பதா? தயங்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களும், தினமும் தடையில்லாமல் எழுந்து நடமாட என் ஆசிகள்.

அன்புள்ள,
மாமா

பி.கு.: உறையை ஒட்டும்போது பக்கத்து அறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அத்தை டிசைன்களைப் பென் டிரைவில் ஏற்றி, மெஷினின் பக்கவாட்டில் செருகி, பாதிச் சீருடைகளை முடித்துவிட்டாள். "இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றேன். "என்னை யாரு கேட்டா?" என்றாள். ஆகவே என் கேள்விக்குப் பதில் தேவையில்லை. ஒரே ஓர் உதவி: அவள் ஃபோன் செய்தால், மாமா காவலாளியைத் திரும்ப ஆன் செய்ததே பெரிய காரியம் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.