பன்னிரண்டு குதிரையா, இருபது குதிரையா

"ரெண்டுல ஒண்ணை நீரே பாத்து எழுதிப் போட்டிரும் வே," என்றார் காந்திமதிநாத பிள்ளை. தலையில் வைத்த எண்ணெய் புருவம் வரை வழிந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே பேசினார்.

காரியஸ்தர் சிவசைலம் பிள்ளை கையில் கடிதத்தோடு நின்றார். "முதலாளி, இது எஞ்சின் விசயம்லா. நான் எப்படி..."

"ரெண்டும் மோட்டார்தானவே?"

"ஆமா முதலாளி."

"ரெண்டுக்கும் சக்கரம் நாலுதான?"

"நாலுதான் முதலாளி."

"பொறவு என்ன. எதையாவது எழுதும்."

அந்த 'எதையாவது' என்ற சொல்தான் சிவசைலம் பிள்ளைக்குப் பயம். ஆழ்வார்குறிச்சியில் அந்தச் சொல்லை நம்பிக் கெட்டவர் ஒருவர் ஏற்கெனவே உண்டு. இவருக்கு முன்னால் இருந்த காரியஸ்தரிடம் கூடத்துக்கு ஒரு தூக்குவிளக்கு வாங்கச் சொல்லி, "எதையாவது பாத்து வாங்கும்" என்றுதான் முதலாளி சொன்னார். விளக்கு வந்தது. அதன் சங்கிலி ஒரு சாண் நீளமாகப் போய்விட்டது. முதலாளி சாப்பிட்டு எழுந்தபோது உச்சந்தலையில் இடித்தது. அந்த மனிதர் இப்போது திசையன்விளையில் ஒரு கருப்பட்டிக் கிட்டங்கியில் மூட்டைக்குக் காவல் இருக்கிறார். அது வெறும் விளக்கு. இது சீமையிலிருந்து கப்பலில் வரப்போகும் மோட்டார் வண்டி.

சென்னைப்பட்டணத்துக் கம்பெனிக்காரர்கள் கடிதத்தில் விவரமாகவே எழுதியிருந்தார்கள். நாலு பக்கமும் கண்ணாடி போட்ட மூடுவண்டி தங்களுக்குப் பிடித்திருப்பது குறித்து மகிழ்ச்சி. அதே வண்டி இரண்டு எஞ்சின்களில் கிடைக்கும். ஒன்று பன்னிரண்டு குதிரைச் சக்தி. மற்றது இருபது. எது வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் தெரிவித்தால் சீமைக்கு எழுதிவிடலாம்.

அன்று திங்கட்கிழமை. சிவசைலம் பிள்ளை ஒரு மோட்டார் வண்டியைத் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். அதுவும் திருநெல்வேலியில், தூசி அடங்கிய பிறகு, அதன் பின்பக்கத்தை.

அம்பாசமுத்திரத்தில் ரோடு ஓவர்சியராக இருந்த ஐயம்பெருமாளைத் தேடிப் போனார். அந்தத் தாலுகாவில் எந்தச் சாலையில் எந்தக் குழி எத்தனை வயது என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். ஜல்லிக் குவியலை அளந்துகொண்டிருந்தவர், விசயத்தைக் கேட்டு நாடாவைச் சுருட்டி வைத்தார்.

"பிள்ளைவாள், வண்டி எந்த வழியாப் போகும்?"

"எந்த வழியா இருந்தாலும் கடனா ஆத்தைத் தாண்டித்தான அண்ணாச்சி போகணும்."

"அப்போ பன்னெண்டு சரிப்படாது. ஆத்து மணல்ல இறங்கி அக்கரை மேட்டுல ஏறணும்லா. பாதி மேட்டுல பன்னெண்டு குதிரையும் மூச்சு வாங்கி நின்னுரும்."

"நின்னா?"

"பைய பின்னால உருண்டு வந்து மணல்ல உக்காந்துக்கிடும்."

"உள்ள முதலாளி இருப்பாகளே."

"அவுகளும் சேந்துதான் உக்காந்துக்கிடுவாக."

சிவசைலம் பிள்ளைக்கு அந்தக் காட்சி அப்படியே கண்ணில் தெரிந்தது. ஆற்றின் நடுவே கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் முதலாளி. இரு கரையிலும் துணி துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கும் ஊர். அன்றே வீட்டுக்கு வந்து, இருபது குதிரைச் சக்தி என்று தெளிவான கையெழுத்தில் எழுதி உறையில் போட்டார். ஒட்டுவதற்குள் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. வடிவம்மாள் ஆச்சி கூப்பிடுகிறார்களாம்.

முதலாளியின் மனைவி வடிவம்மாள் ஆச்சி அடுக்களை நடையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"இருபது குதிரையாமே?"

எப்படித் தெரிந்தது என்று கேட்கிற துணிச்சல் சிவசைலம் பிள்ளைக்கு இல்லை. "குதிரைன்னா நெசக் குதிரை கிடையாது ஆச்சி. அம்புட்டு சக்தின்னு ஒரு கணக்கு."

"போன தையில எங்க அண்ணன் தென்காசியில ஜட்கா ஏறினாக. ஒத்தைக் குதிரை. எவனோ குடையை விரிச்சான்னு மிரண்டு, அவுகளைக் கொண்டு போய் வாய்க்கால்ல கவுத்திட்டு. ஒண்ணுக்கே இப்படி. இருபதும் ஒரேயடியா மிரண்டா என்ன செய்வீரு?"

"ஆச்சி, குதிரையே உள்ள கிடையாது."

"கண்ணுக்குத் தெரிஞ்சாலாவது கடிவாளத்தைப் பிடிக்கலாம்," என்றார் ஆச்சி. ஒரு கத்தரிக்காயை நாலாகப் பிளந்து தண்ணீரில் போட்டார். "இருக்கறதுல சாதுவானதா எழுதும். அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உம்ம முகத்தைத்தான் பாப்பேன்."

அரிவாள்மணையைப் பார்த்தபடியே சிவசைலம் பிள்ளை தலையாட்டினார். வீட்டுக்கு வந்து உறையிலிருந்த கடிதத்தைக் கிழித்தார். பன்னிரண்டு என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, கடனா ஆற்றைத் தெய்வம் பார்த்துக்கொள்ளட்டும் என்று படுத்தார்.

மறுநாள் காலையில் குத்தகை விசயமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, முதலாளி வெற்றிலைக்கு நடுவே ஒரு வார்த்தை சொன்னார். "கல்லிடைக்குறிச்சிக்காரன் வண்டி பதினஞ்சு குதிரையாமே வே."

அவ்வளவுதான். அடுத்த வெற்றிலைக்குக் காம்பு கிள்ளப் போய்விட்டார். சிவசைலம் பிள்ளைக்குக் குத்தகைக் கணக்கு மறந்துபோயிற்று. முதலாளி எதையும் சும்மா சொல்லுகிறவர் இல்லை. கல்லிடைக்குறிச்சி மிராசுதார் மாடி கட்டினால் இவர் மாடி மேல் மாடி கட்டியவர். பதினைந்துக்கு எதிரே பன்னிரண்டு வந்து இறங்கினால் முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். தூக்குவிளக்கு இடித்தபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொண்டார், அவ்வளவுதான்.

வேட்டியை மடித்துக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார். தந்தி அடிக்கும் வன்னியராஜ் அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருந்தார்.

"கம்பெனிக்கு ஒரு தந்தி. 'பன்னிரண்டு வேண்டாம், இருபது அனுப்பவும்.'"

"இருபது என்னது?"

"அவுகளுக்குத் தெரியும்."

தந்தி போயிற்று. நிம்மதியாகத் திரும்பி வரும்போது, ஊர் எல்லையில் வாய்க்கால் மரப்பாலத்தின் மேல் ஐயம்பெருமாள் நின்றுகொண்டு, காலால் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னபடி இருபதே எழுதிட்டேன் அண்ணாச்சி."

"நல்லது. ஆத்துல பயமே இல்லை," என்றார் ஓவர்சியர். பிறகு இன்னொரு பலகையைத் தட்டினார். "ஆனா இந்தப் பாலம் தாங்காதே."

"என்னது?"

"பெரிய எஞ்சின்னா கனம் எம்புட்டு இருக்கும். முன்சக்கரம் ஏறின உடனே பலகை விட்டுப்போகும். வண்டி மூக்குப்பட வாய்க்கால்ல இறங்கும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீரு ஆத்தைப் பத்தித்தான பிள்ளைவாள் கேட்டீரு."

சிவசைலம் பிள்ளை திரும்பவும் ரயிலடிக்கு ஓடினார். வன்னியராஜ் மோர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தந்தி. 'இருபது வேண்டாம், பன்னிரண்டே அனுப்பவும்.'"

வன்னியராஜ் கையைக் கழுவினார். "பிள்ளைவாள், அந்தப் பன்னெண்டு இருபது என்னதுன்னு எனக்காவது சொல்லிரும். அடிக்கற எனக்கே தலை சுத்துது."

கம்பெனியிலிருந்து வெள்ளிக்கிழமை பதில் தந்தி வந்தது. தங்கள் கடிதத்தில் பன்னிரண்டு. முதல் தந்தியில் இருபது. இரண்டாவது தந்தியில் பன்னிரண்டு. தங்களுக்கு மொத்தம் மூன்று வண்டிகள் தேவை என்று எடுத்துக்கொள்ளலாமா?

சிவசைலம் பிள்ளை அதை ரயிலடியிலேயே நின்று படித்தார். மூன்று வண்டி வந்து வரிசையாக நிற்கிற ரயிலடியையும், திசையன்விளைக்குப் போகிற ரோட்டையும் ஒரே நேரத்தில் பார்த்தார். அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதி வன்னியராஜிடம் நீட்டினார்: 'வண்டி ஒன்றே ஒன்று. பொருத்தமானதை அனுப்பவும்.'

சாயங்காலமே பதில் வந்துவிட்டது: 'பொருத்தமானது அனுப்பப்படும்.'

ரயிலடியிலிருந்து புளியமரத்தடி வரும்வரை அவர் மனம் லேசாக இருந்தது. புளியமரத்தடியில்தான், பொருத்தமானது எது என்று தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. இன்னொரு தந்தி அடிக்கலாம். ஆனால் வன்னியராஜின் முகத்தை நினைத்தால் கால் வரவில்லை. மறுநாள் சனிக்கிழமையும் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் சிவசைலம் பிள்ளை இரண்டு வண்டிகளுக்காகக் கவலைப்பட்டார். ஒருவேளை இருபது வந்துவிட்டால் என்று, மரப்பாலத்துக்கு அடியில் பனங்கட்டைகளை முட்டுக்கொடுக்கச் செய்தார். ஒருவேளை பன்னிரண்டு வந்துவிட்டால் என்று, கடனா ஆற்றின் அக்கரை மேட்டை ஆள் விட்டு வெட்டிச் சரித்தார். கேட்டவர்களிடம் மழைக்கு முன்னேற்பாடு என்று சொல்லிவைத்தார். மழை வந்தது. சரித்த மேடு கரைந்து ஆற்றுக்குள் போயிற்று. மறுபடியும் வெட்டினார். பாலத்தின் அடியில் வைத்த பனங்கட்டையில் குப்பை தேங்கி, வாய்க்கால் தண்ணீர் திரும்பி முதலாளியின் வாழைத்தோட்டத்துக்குள்ளேயே ஏறியது. கட்டைகளை எடுக்கச் சொன்னார். தண்ணீர் வடிந்ததும் திரும்பவும் வைக்கச் சொன்னார். வேலையாட்கள் அவருக்கு ஏதோ செய்வினை என்று பேசிக்கொண்டார்கள்.

வடிவம்மாள் ஆச்சி எதிர்ப்படும்போதெல்லாம், "சாதுவானதுதான வருது?" என்று கேட்டார். "ரொம்பச் சாது ஆச்சி," என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் உலர்ந்தது.

ஒருநாள் மத்தியானம் அவர் மனைவி சொர்ணாம்பாள் சோற்றுச் சட்டியோடு நின்று, "குழம்பு ஊத்தவா, ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு," என்றார் சிவசைலம் பிள்ளை.

சொர்ணாம்பாள் சட்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு செய்யுங்க. முதலாளிகிட்டயே போய், எது வேணும்னு நேராக் கேட்டிருங்க."

"கேட்டா, நாலு மாசமா நீரு என்னத்தைச் செஞ்சீருன்னு கேப்பாகளே."

ஆனால் அவரை உள்ளுக்குள் அரித்தது வேறு. இந்த நான்கு மாதத்தில் முதலாளி ஒருமுறைகூட, எந்த எஞ்சின் எழுதினீர் என்று கேட்கவில்லை. வண்டி எப்போது வரும் என்று கேட்டார். கண்ணாடி என்ன நிறம், மெத்தை பட்டா தோலா என்றெல்லாம் கேட்டார். எஞ்சினைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. இது சோதனை என்று சிவசைலம் பிள்ளை முடிவுகட்டினார். எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு, வண்டி வந்திறங்கும் அன்றைக்குத்தான் தலையைத் தடவப்போகிறார்.

வண்டி ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. ஆழ்வார்குறிச்சி ரயிலடியில் அத்தனை கூட்டத்தை வன்னியராஜ் பார்த்ததே இல்லை. கூட்ஸ் பெட்டியிலிருந்து பலகை போட்டு இறக்கினார்கள். கறுப்பும் சிவப்பும் கலந்த மூடுவண்டி. கண்ணாடியில் ஊரே முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டது. கூடவே கம்பெனியின் ஆள் ஒருவர், காக்கி உடுப்போடு சென்னையிலிருந்து வந்திருந்தார்.

சிவசைலம் பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். வணக்கம் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

"பன்னெண்டா, இருபதா?"

"பதினாறு சார்," என்றார் கம்பெனிக்காரர்.

"பதினாறா? அப்படி ஒண்ணு உங்க கடுதாசியிலயே கிடையாதே."

"புதுசா வந்த எஞ்சின் சார். நீங்க பன்னிரண்டுன்னும் கேட்டீங்க, இருபதுன்னும் கேட்டீங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் பொருத்தம்னு எங்க துரை சொல்லிட்டார்."

சிவசைலம் பிள்ளை பக்கத்தில் கிடந்த பருத்தி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பதினாறு. ஆற்று மேட்டுக்குப் போதுமா என்பது சந்தேகம். பாலம் தாங்குமா என்பதும் சந்தேகம். ஆச்சியிடம் சொன்ன சாதுவைவிட நாலு குதிரை அதிகம். இரண்டு எஞ்சினில் எதை எழுதியிருந்தாலும் பாதிக் கவலையாவது தீர்ந்திருக்கும். இப்போது இரண்டு வண்டியின் கவலையும் ஒரே வண்டியில் ஏறி வந்திருக்கிறது. கல்லிடைக்குறிச்சியைவிட ஒரு குதிரை கூடுதல் என்ற ஒன்றுதான் அவருக்குப் பிடித்துக்கொள்ளக் கிடைத்த கொம்பு. முதலாளி கேட்டால் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு திசையன்விளைக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று விசாரிக்க வேண்டும்.

கம்பெனிக்காரர் எஞ்சின் மூடியைத் திறந்து துடைக்கத் தொடங்கினார். "முதலாளி வந்ததும் கிளப்பிடலாம் சார்."

ஆனால் முதலாளி வரவில்லை. அவருக்குப் பதிலாக, பண்ணை வண்டிக்காரன் சுடலைக்கண்ணு வந்தான். முதலாளியின் வெள்ளைக் காளைகள் இரண்டும் கொம்பில் குஞ்சம் கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, அவன் பின்னால் வந்தன. அவற்றோடு வண்டி இல்லை. அவன் தோளில் ஒரு புது நுகத்தடியும், கை நிறைய வடக்கயிறும் இருந்தன.

சிவசைலம் பிள்ளை நுகத்தடியைப் பார்த்தார். முதலாளிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எஞ்சின் மேடு ஏறாது என்று தெரிந்துதான், ஆற்றில் இழுப்பதற்குக் காளை அனுப்பியிருக்கிறார்.

எழுந்து அவனிடம் போய், தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏலே சுடலைக்கண்ணு, உண்மையைச் சொல்லு. எஞ்சின் பத்தாதுன்னு முதலாளி சொன்னாகளா?"

சுடலைக்கண்ணு நுகத்தடியை இறக்கி, வண்டியின் முன்பக்கத்தில் வைத்து அளவு பார்த்தான். "எஞ்சினா? முதலாளிக்கு அந்தச் சத்தமே ஆகாதுலா ஐயா. அதைக் கழத்தி இங்கன ஸ்டேசன்லயே போட்டுட்டு, வண்டியை மட்டும் மாட்டுல கெட்டிக் கொண்டாரச் சொன்னாக."