ஒண்ணுமில்லைக்காரர்

கைகள் இரண்டும் அலமாரிக்குள், வாயில் நாலு திருகாணி. கீழ்க்கதவின் கீலை முடுக்கிவிட்டு நிமிர்ந்த தச்சர், திறந்து கிடந்த மேல்கதவின் முனையில் மடாரென்று உச்சந்தலையை மோதிக்கொண்டார். திருகாணிகள் நாலு திசைக்கும் பறந்தன.

"ஒண்ணுமில்லை!" என்றார்.

யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே பதில் சொல்வதுதான் இந்த இனத்தின் முதல் அடையாளம்.

இவர்தான் வாசகரே, ஒண்ணுமில்லைக்காரர். நிலையில் இடிப்பார், பேருந்துக் கம்பியில் மோதுவார், குளியலறையில் வழுக்குவார். வண்டியிலிருந்து விழுந்தாலோ முதலில் வண்டிக்குக் கீறல் உண்டா என்று பார்ப்பார், அடுத்து யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்ப்பார், தலையை மட்டும் பார்க்கமாட்டார். கால் சுளுக்கினால் ஒரு வாரம் நொண்டுவார். தலைக்கு அந்த மரியாதை கிடையாது. உள்ளே இருக்கும் சரக்கு அவ்வளவு மலிவோ?

நாட்டில் எத்தனை பேருக்குத் தலையில் அடிபடுகிறது என்று கணக்கெடுக்க, அன்று பார்த்து ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குள்ளேயே வந்தார்.

"இந்த வருஷம் வீட்டுல யாருக்காவது தலையில அடிபட்டுச்சா?"

"சேச்சே! இங்க யாருக்கும் இல்லம்மா," என்றார் நம் தச்சர், வீக்கத்தின் மேல் துண்டை இறுக்கியபடி.

"அப்போ தலையில முளைச்சிருக்கிறது என்னவாம், கிரீடமா?" என்றாள் மனைவி. "இப்பத்தானே வாந்தி எடுத்தீங்க?"

"காலையில சாப்பிட்டது ஒத்துக்கல."

"ஓஹோ, சமைச்சவ மேல பழியா? கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"அலமாரியைக் கொடுத்துட்டு வர்றேன். கைப்பிடிதான் பாக்கி."

பணியாளர் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு திரும்பினார். தாழ்ந்த வாசல் நிலையில் அவர் நெற்றி மோதியது.

"ஐயோ, பார்த்து!" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லைங்க," என்று சிரித்தபடி போய்விட்டார்.

ஆக, நாட்டில் தலைக்காயம் மிகக் குறைவு. பெருமைப்படுங்கள்.

சற்று நேரத்தில் அலமாரிக்குச் சொல்லியிருந்த தையல்காரர் வந்தார். "நூலளவு பிசகாது, இழுத்துப் பாரு தம்பி," என்றார் தச்சர். தையல்காரர் இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார்.

"பூட்டியிருக்கா அண்ணே?"

மனைவி குனிந்து பார்த்தாள். கைப்பிடி, கீல் இருக்கும் பக்கமே கச்சிதமாக முடுக்கப்பட்டிருந்தது.

"இதுவும் ஒண்ணுமில்லையா?" என்றாள். தச்சர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். தன் கை இதுவரை இப்படிப் பிசகியதில்லை என்று அவருக்குத் தெரியும்.

"அண்ணே, அலமாரி கிடக்கட்டும். நான் வண்டி கூப்பிடறேன்," என்றார் தையல்காரர்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். இதைப் படிக்கும்போதே உங்கள் கை உச்சந்தலையைத் தடவியதே, அங்கே என்ன மேடு? ஒண்ணுமில்லையா? நல்லது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் துண்டை அவிழ்த்தார். அலமாரியைத் தையல்காரரிடம் ஒப்படைத்தார், தலையை மனைவியிடம்.