மண்டபத்துக்கு முன்னால் ஓர் ‘அட்’

ஆங்கிலம் கற்றுக்கொடுப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் படிக்க மாட்டான், திருத்துவான். எனக்கு அது முற்றிப்போயிருந்த நேரத்தில் கல்யாணம் நிச்சயமானது.

சொந்த ஊர் கனகசெட்டிக்குளம். உழவர்கரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு இன், கிழமைக்கு ஆன், மணிக்கு அட் என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் பிழைப்பு. பெண் வீட்டார் தமிழில் பத்திரிகை அடித்தார்கள். எங்கள் பக்கத்துக்கு ஆங்கிலத்தில்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். “நம்ம தெருவுல அத யார்றா படிப்பா?” என்று அம்மா கேட்டாள். (காதில் வாங்கினால்தானே!)

அச்சகத்தில் ஒரு வழக்கம். முன்பு அடித்த பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் திறந்து, அதன்மேலேயே நம் பெயரைப் போட்டுவிடுவார்கள். ப்ரூஃப் வந்ததும் சிவப்புப் பேனாவோடு பாய்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன் போட்டிருந்தார்கள், ஆறு மணிக்கு ஆன். மண்டபத்துக்கும் ஊருக்கும் முன்னால் ஒன்றுமே இல்லை. ஒன்றுக்கு அட், இன்னொன்றுக்கு இன் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எல்லாம் பார்த்தாச்சா என்று கேட்ட அச்சகக்காரருக்கு இலவசமாக ஒரு பாடமும் எடுத்துவிட்டு வந்தேன்.

முகூர்த்தத்தன்று உழவர்கரை மண்டபத்தில் பெண் வீட்டுப் பக்கம் நிரம்பி வழிந்தது. எங்கள் பக்கம் அப்பா, அம்மா, காலி நாற்காலிகள். ஊரிலிருந்து தெருவையே வேனில் அள்ளிக்கொண்டு கிளம்பிய தாய்மாமனைக் காணோம். என் நெற்றியில் பட்டம் கட்டவேண்டியவர் அவர்தான். தன் தம்பி கட்டாமல் தாலியைத் தொடவிட மாட்டேன் என்கிறாள் அம்மா. ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெண்ணின் அப்பா முறைத்த முறைப்பில், மகளை வீட்டுக்கே கூட்டிப்போய்விடுவார் போலிருந்தது. மேடையிலிருந்தே மாமாவுக்கு போன் போட்டேன்.

“மண்டபத்துலதான் மாப்ள இருக்கேன். பொங்கல்லாம் சாப்ட்டாச்சு. நீ எங்கடா?”

“மேடையிலதான் மாமா இருக்கேன்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“மேடையில வேற எவனோ குந்தியிருக்கான் மாப்ள.”

வேன் டிரைவர் பத்திரிகையில் உள்ளபடி, உழவர்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு விட்டிருக்கிறார். முந்தைய பத்திரிகையில் இருந்த மண்டபம் அது. அச்சகத்தில் மாற்ற மறந்திருக்கிறார்கள், நான் அதற்குத்தான் அழகாக அட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். (முகூர்த்த நாளில் எந்த மண்டபத்தில்தான் கல்யாணம் இல்லை?)

வேன் பறந்து வந்தது. வெற்றிலை வாயோடு மாமா பட்டத்தைக் கோணலாகக் கட்டினார். ஐயர் துரத்தத் துரத்த நான் தாலி கட்டினேன். போன உயிர் திரும்பி வந்தது.

பொங்கல் போட்ட அந்த மேட்டுப்பாளையத்து வீட்டாரோடு மாமா ஒட்டிக்கொண்டுவிட்டார். போன மாதம் அவர்கள் பிள்ளைக்குக் காதுகுத்து. பத்திரிகையை என்னிடம் நீட்டினார். ஆங்கிலம்! கை தானாகப் பேனாவைத் தேடியது. என் மனைவி பத்திரிகையைப் பிடுங்கி மாமாவிடமே கொடுத்தாள்.

“எடத்த நீங்க பாத்துக்குங்க. ‘அட்’ட மட்டும் இவரு பாத்துப்பாரு.”