தீவுப் பிரிவின் புயல்

எங்கள் அப்பாவுக்கு விடுப்பு கிடைத்தது. இதைச் சாதாரண வாக்கியமாக நினைப்பவர்கள், அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அப்பாவோடு வாழ்ந்ததில்லை. நான் பள்ளியை முடித்து, பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களோடு சண்டை போடும் வயதுக்கு வந்த பிறகுதான் அந்தக் கோப்பில் கையெழுத்து விழுந்தது. குடும்பத்தோடு தீவுச் சுற்றுலா! அம்மா தொப்பியே வாங்கிவிட்டாள்.

மறுநாள் கடலில் புயல் கிளம்பியது.

சித்தப்பா உடனே புயலைப் பின்தொடரும் செயலியைச் செல்போனில் இறக்கினார். இப்போது அதுதானே நாகரிகம். "தீவை நெருங்குது! அப்படித்தான், வா வா!" என்று பந்தயக் குதிரைக்குக் கத்துவதுபோல் கத்தினார்.

அப்பா மேலதிகாரிக்குப் போன் செய்தார்.

"சார், பயணத்தைத் தள்ளிப் போடலாமா?"

"தீவுக்குன்னுதான் விடுப்பு. வீட்ல இருந்தா அது விடுப்பு இல்லய்யா, ஒழுங்கீனம்."

"அங்க போனா செத்துடுவோமே சார்."

"அதுக்குத் தனி விதி இருக்கு. புயல் தாக்கும்னு வானிலை அலுவலகம் எழுதித் தந்தா பார்க்கலாம்."

நான் சும்மா விடுவேனா? வானிலை அலுவலகத்துக்கே போய் நின்றேன். 'தீவுப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே ஓர் அதிகாரி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"புயல் தீவைத் தாக்குமா சார்?"

"தாக்கலாம், தாக்காமலும் இருக்கலாம்."

"அதை எழுதித் தாங்க."

"எதை?"

"முதல் பாதியை."

மதியம்வரை வாதாடினேன். என் தொல்லை தாங்காமல் 'தாக்கலாம்' என்று எழுதி முத்திரையும் குத்தினார். விடுப்பு முறைப்படி ஒத்திவைக்கப்பட்டது. தீவில் பதிவு செய்திருந்த அறையை அப்பா ரத்து செய்தார். நான் வெற்றி வீராங்கனையாக வீடு திரும்பினேன். அம்மா மட்டும் என்னோடு பேசவில்லை.

கிளம்பியிருக்க வேண்டிய அன்று காலை, பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பறந்து வந்து எங்கள் வாசலில் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. நால்வரும் சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்தோம். "நம்ம தலைக்கு நேரா நிக்குது!" என்றார் சித்தப்பா, பெருமையாக.

தீவுப் பிரிவுக்குப் போன் போட்டேன்.

"நல்ல சேதிம்மா! புயல் திரும்பிடுச்சு. தீவுக்கு ஆபத்து அறவே நீங்கியது."

"எங்க திரும்பிச்சுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"நாங்க தீவுப் பிரிவு. வருதா, வரலையா, அவ்வளவுதான் நம்ம வேலை."

"எங்க ஊருக்கு யாரு எச்சரிக்கை தரணும்?"

"நகரப் பிரிவு அதிகாரி. அவர் குடும்பத்தோட தீவுக்குப் போயிட்டாரே. புயலுக்குப் பயந்து யாரோ கடைசி நேரத்துல ரூமை ரத்து பண்ணாங்களாம். கடலைப் பார்த்த ரூம்."

அம்மா அன்றுதான் வாயைத் திறந்தாள்:

"பால்கனி இருந்துச்சான்னு கேளுடி."