பச்சைப் பென்சிலால் எழுதியது நான்தான்

பெர்லின், 31 ஜூலை 1914

மதிப்பிற்குரிய அத்தான், போதகர் ஏவால்ட் அவர்களுக்கு,

மைத்துனன் கோட்ஹோல்ட் வணங்கி எழுதுவது. இங்கு நானும் ஹெட்விக்கும் உடம்புக்குச் சுகமே. அங்கே நீங்களும் மெட்டா அக்காவும் நலமாயிருக்கக் கர்த்தர் அருள்வாராக. இந்தக் கடிதத்தை அக்காவிடம் காட்ட வேண்டாம். அழுதுவிடுவாள்.

அத்தான், சண்டை வரப்போகிறது என்று ஊரே பேசுகிறதே, அதைக் கிளப்பிவிட்டவன் உங்கள் மைத்துனன்தான் என்று பயமாக இருக்கிறது. சிரிக்காதீர்கள். எங்கள் வெளியுறவு அலுவலகத்தில் மந்திரி பச்சைப் பென்சிலால் எழுதுவார், அவருக்கு அடுத்தவர் சிவப்பு, தலைமை எழுத்தர் ஷ்டாங்கே நீலம், என்னைப் போன்றவர்களுக்குக் கறுப்பு. பச்சையின்மேல் வேறு நிறம் படக் கூடாது. மந்திரியின் பென்சில்களைத் தினமும் சீவி வைப்பது என் வேலை. புதன்கிழமை காலை ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தேன், முன்னால் ஒரு வெளிநாட்டுத் தூதரின் கடிதம் வைத்த கோப்பு, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சமாதானம் பேசலாமா என்று கேட்டிருந்தார் மனிதர், அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி மணி அடித்தது. ரொட்டிக்கடையிலிருந்து ஹெட்விக்.

"எங்கம்மா ஞாயித்துக்கிழமை வரட்டுமான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

"வர வேண்டாம்னு சொல்லு! இப்ப பேசுற நிலைமையில நான் இல்ல!"

தொலைபேசியில் பேசுவதை உடனே குறித்துவைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. தூதர் கடிதத்தின் ஓரத்தில். பச்சையில். "வர வேண்டாம். பேசும் நிலையில் இல்லை."

நான் தலையில் அடித்துக்கொள்வதற்குள் ஷ்டாங்கே வந்தார். "அட, மந்திரியே பதில் எழுதிட்டாரா! அப்பாடா!" என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு, பதில் அனுப்பும் பிரிவுக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"ஐயா, அது நான் எழுதினது! என் மாமியாருக்கு!"

"உங்களுக்கு என்ன நிறம்?"

"கறுப்பு."

"கோப்புல என்ன நிறம்?"

"பச்சை."

"அப்புறம் எப்படிய்யா நீங்க எழுதியிருப்பீங்க? போய் வேலையப் பாருங்க!"

திருத்தம் கேட்டு மனுப் போட்டேன். கறுப்பில் எழுதிய மனு பச்சையைத் திருத்த முடியாது என்று நீலத்தில் எழுதித் திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கும்பல் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறது, எதிர்வீட்டுத் தையல்காரர் மகன் தொப்பியில் பூ வைத்துக்கொண்டு கையாட்டுகிறான். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான் என்ன பதில் சொல்வேன்? தெரியாமல் செய்ததும் பாவம்தானா? நீங்கள் போதகர், மறைக்காமல் சொல்லுங்கள். என்னைப் பிடித்துப் போனால் ஹெட்விக்கைக் கைவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ஜெபத்தில் இந்தப் பாவியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கலங்கி நிற்கும்
கோட்ஹோல்ட் லெம்கே

பி.கு.: ஞாயிறு, 2 ஆகஸ்ட். நேற்று போர் அறிவித்துவிட்டார்கள். இதைத் தபாலில் சேர்க்கவில்லை, நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். இன்றும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கோப்பு அனுப்பும் பிரிவில் கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. ஷ்டாங்கே சிரித்தார்: "இத யாருய்யா படிச்சா? மேல உள்ளவங்க அதுக்கு முன்னாடியே உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணிட்டாங்களே!" நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். வீட்டுக்கு ஓடிவந்து ஹெட்விக்கிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப இது கைத்தவறு இல்லையா? தெரிஞ்சேதான் செஞ்சாங்களா?" என்றாள்.

தையல்காரர் மகன் காலை ரயிலில் போய்விட்டான். அத்தான், நான் எழுதியதால் வந்ததாகவே இது இருந்திருந்தால் தேவலை.